எமிமாளின் பிடியரிசி

எங்கள் ஊருக்கு மாராவூர் என்று பெயர் வைத்த வெள்ளைக்காரப் பாதிரியாரை நாங்கள் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் வேதத்திலிருந்து அழகழகான பெயராக எடுத்துக் கொடுத்தவர், எங்கள் செம்மணல் தேரியில் கிணறு வெட்டி, முதல் வாளித் தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பிவிட்டு, இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் குடிக்க மாட்டாமல் முறுமுறுத்த அந்தக் கசப்புத் தண்ணீரின் பெயரையே எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாராம். அந்தப் பெயரோடும் அந்தத் தண்ணீரோடும்தான் நாலு தலைமுறையாக இருக்கிறோம். சோறு பொங்கினால் லேசாக மஞ்சளடிக்கும். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண்கள் முதல் வருஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவார்கள், அப்புறம் அவர்களுக்கும் நாக்கு மரத்துப்போகும்.

இந்த ஊரில்தான் எமிமாள் கலயத்தில் போட்ட அரிசி காணாமல் போனது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷமும் கொஞ்ச நாளும், தினம் இரண்டு வேளை.

பிடியரிசி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் எந்த வீட்டில் உலை வைத்தாலும், படியில் அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னால் வீட்டுப் பொம்பளை அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, "ஆண்டவருக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி, அடுப்பங்கரை மூலையில் இருக்கிற கலயத்தில் போட வேண்டும். இருக்கிற வீட்டிலும் அப்படித்தான், இல்லாத வீட்டிலும் அப்படித்தான். பெரிய கைக்காரிக்குப் பெரிய பிடி, சின்னக் கைக்காரிக்குச் சின்னப் பிடி, ஆனால் அள்ளும்போது விரலை இறுக்கக் கூடாது என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கண்டிப்பு உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு அந்தக் கலயத்தை முந்தானையால் மூடிக் கோயிலுக்குக் கொண்டுபோய், பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற மரப்பெட்டியில் கொட்டுவோம். அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் போகிறது என்பார்கள், கண் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்பார்கள். யார் வயிற்றில் விழுந்தது என்று நாங்கள் விசாரித்ததே இல்லை.

எமிமாளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயசு. அவள் புருஷன் தேவஇரக்கம் உரக்கடை வைத்திருந்தார், சபைக் கமிட்டியில் மூத்த உறுப்பினர், கோட்டுப் போடாமல் கோயிலுக்கு வந்ததில்லை. அவர்களுக்கு ஒரே மகள், பிரிசில்லா. அந்தக் கசப்புத் தண்ணீருக்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று ஊர் சேர்ந்து ஒரு போர்வெல் லாரியைக் கூட்டிவந்ததும், அறுநூறு அடி இறக்கியும் அதே தண்ணீர்தான் வந்ததும், ஐந்தாம் நாள் லாரி கிளம்பியபோது அதில் குழாய் மாட்டுகிற வேலை செய்த பையனோடு பிரிசில்லாவும் கிளம்பிவிட்டதும் எங்கள் ஊர் அறிந்த கதை. தண்ணீரும் வரவில்லை, பெண்ணும் போய்விட்டாள் என்று டீக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். அவன் வேறு சாதி, வேறு சாமி. போர்வெல் லாரி இன்றைக்கு ஓரிடம் நாளைக்கு ஓரிடம் என்று சுற்றுவது, அதை எங்கே என்று தேட.

பெயரை வெட்ட வேண்டும் என்று கமிட்டியில் எழுந்து சொன்னவர் வேறு யாருமில்லை, தேவஇரக்கமே. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் மரியாதை மிஞ்சும் என்று அவர் நினைத்திருக்கலாம். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எங்கள் கோயில் பாதிரியாரான ஐயர் சபை ரெஜிஸ்தரைக் கையில் வைத்துக்கொண்டு, தேவஇரக்கம் மகள் பிரிசில்லாவின் பெயர் இந்தச் சபையிலிருந்து நீக்கப்படுகிறது என்று வாசித்தார். நாங்கள் எல்லாரும் ஆமென் என்றோம். அந்த ஆமெனில் என் சத்தமும் இருந்தது, அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அன்றிலிருந்து ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

எமிமாள் சண்டை போடவில்லை, அழக்கூட இல்லை. ஒரே ஒரு கேள்விதான் அவளிடம் மிச்சமிருந்தது. தட்டில் சோறு போட்டதும் அதையே பார்த்துக்கொண்டு, அவ சாப்பிட்டிருப்பாளா என்பாள். தேவஇரக்கம் அதட்டினார். அப்புறம் அவள் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கு முன்னாலும் அவள் கை ஒரு நிமிஷம் தட்டில் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரி நான், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மகள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள், திரும்பி வருவாளா என்பதெல்லாம் அவளுக்கு எட்டாத ஆசை. இன்றைக்கு அவள் சாப்பிட்டாள் என்று யாராவது ஒருவர் வந்து சொன்னால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள் என்று இருந்தாள்.

பிரிசில்லா போன மறுவருஷம், ஈஸ்டருக்கு முந்தின வாரம் வருகிற குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை, எமிமாள் காலையில் உலை வைக்கையில் போட்ட பிடி மத்தியானம் பார்த்தபோது இல்லை. அந்த மாதம் அதுவரை சேர்ந்திருந்த அரிசி அப்படியே இருந்தது, அன்றைய பிடி மட்டும் போயிருந்தது. எலி என்று நினைத்தாள். இருந்த அரிசியைக் கோயில் பெட்டியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் கலயத்தை உறியில் தொங்கவிட்டாள். போட்ட பிடி போய்க்கொண்டே இருந்தது. மூடி போட்டுக் கல் வைத்தாள், அப்போதும் போனது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவள் வெறும் கலயத்தை முந்தானையால் மூடிக் கோயிலுக்குக் கொண்டுவந்து, மரப்பெட்டியின் மேல் கவிழ்த்துக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதற்கடுத்த மாதமும் அப்படியே.

பேச்சு கிளம்பியது. மகள் போன கோபத்தில் ஆண்டவருக்குக் கொடுக்கிறதை நிறுத்திவிட்டாள் என்றார்கள், விற்றுத் தின்கிறாள் என்றும் ஒருத்தி சொன்னாள். சங்கத் தலைவி சுகிர்தம் டீச்சர் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டாள், முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு காலை எமிமாள் வீட்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். எமிமாள் படியில் அரிசி அளந்தாள், ஒரு பிடி அள்ளினாள், ஆண்டவருக்கு என்றாள், போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் கண்ணை எடுக்கவில்லை. அரிசி கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. அப்புறம் அடியிலிருந்து குறையத் தொடங்கியது, மணலில் தண்ணீர் இறங்குகிற மாதிரி, சத்தமில்லாமல், மெதுவாக, கடைசி மணி வரைக்கும் இறங்கிப் போனது. டீச்சர் கையை உள்ளே விட்டு அடியைத் தடவினாள். ஓட்டை எதுவும் இல்லை, கலயம் மட்டும் லேசாகச் சூடாக இருந்தது. டீச்சர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு காப்பி போடு எமிமா என்றாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், எங்கள் ஊர் எதையும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான், முதலில் கூட்டம் போட்டது. இது தேவனால் ஆனதா சாத்தானால் ஆனதா என்று கமிட்டி ஆண்கள் இரண்டு வாரம் பேசினார்கள். புதிதாக வந்திருந்த ஐயர் சின்ன வயசுக்காரர். அவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், கவனிக்கப்படும் என்று பதில் வந்தது, அதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தார். அதற்குள் பெண்களுக்குள் விஷயம் தானாகவே தீர்ந்துபோயிருந்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி மெல்ல, அது போற இடத்துக்குத்தான் போகுது என்றாள். எல்லாருக்கும் புரிந்தது. தாய் போடுகிற பிடி வேறு எங்கே போகும்? வெட்டின பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அன்றிலிருந்து ஊர் முழுக்க அப்படியே சொல்லிக்கொண்டோம், போற இடத்துக்குப் போகுது என்று.

எமிமாள் அன்றைக்குத்தான் ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை வழித்துத் தின்றுவிட்டுப் போட்ட தட்டைத் தாய் பார்க்கிற மாதிரி அவள் அந்தக் காலிக் கலயத்தைப் பார்ப்பாள். கடையில் நல்ல அரிசியாகக் கேட்டு வாங்கினாள், இரண்டு தடவை புடைத்து, மூன்று தடவை கல் பொறுக்கினாள். பிரிசிக்குச் சோற்றில் கல் கடிபட்டால் அதோடு எழுந்துவிடுவாளாம். அடுப்பங்கரையில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு வெறும் பானையைப் பார்த்து ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்படி ஒரு வழி திறந்திருக்கிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா? மஸ்கட்டுக்குப் போய் மூன்று வருஷமாகக் கடிதம் போடாத மகனை வைத்திருந்தவள் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து எமிமாளின் கலயத்தில் போட்டாள். அது அப்படியே கிடந்து வண்டு விழுந்தது. ஒருத்தி அதிரசம் வைத்துப் பார்த்தாள், ஒருத்தி நாலாக மடித்த ஒரு கடிதம் வைத்தாள். அரிசி அவற்றை விட்டுவிட்டு இறங்கிப் போனது. எமிமாள் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தபோது நாங்கள் முறைவைத்து அவள் வீட்டில் சோறு பொங்கினோம், எங்கள் கையால் போட்ட பிடி ஒன்றுகூட அசையவில்லை. மூன்றாம் நாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து போட்டாள், போனது. அவள் கைக்குத்தான் அந்த வழி.

மழைக்காலத்தில் அரிசி முன்னைவிட வேகமாக இறங்குவதாக எமிமாள் சொன்னாள். பசி கூடியிருக்கிறது, அப்படியென்றால் மாசமாக இருக்கிறாள் என்று சங்கத்துப் பெண்கள் முடிவு கட்டினார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை, ஆனால் ஜெபக்கூட்டம் முடிந்து பழைய வெள்ளைச் சேலைகளைக் கிழித்துச் சின்னச் சின்னச் சட்டையாகத் தைக்கத் தொடங்கினோம். கிறிஸ்துமஸுக்குள் பதினெட்டுச் சட்டை சேர்ந்தது. ஒருத்தி என்றைக்கும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று தினமும் தெரிந்தால் அவள்மேல் எத்தனை நாள்தான் கோபமாக இருக்க முடியும்? பன்னிரண்டு ஆண்கள் கூடி உட்கார்ந்து கொடுக்க முடியாத மன்னிப்பை ஒரு கலயம் எங்கள் கையிலிருந்து பிடிபிடியாக வாங்கிக்கொண்டது.

புது வருஷ ஆராதனையில் தேவஇரக்கம் எழுந்து நின்றார். அறிவிப்பு நேரம்கூட இல்லை, சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "என் மக பிரிசில்லா பேரைத் திரும்ப எழுதணும்" என்றார். கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். ஐயர் கமிட்டியைப் பார்த்தார், கமிட்டி தரையைப் பார்த்தது. அப்புறம் ரெஜிஸ்தரை எடுத்து அங்கேயே எழுதினார். நாங்கள் ஆமென் என்றோம், வெட்டியபோது சொன்னதைவிடச் சத்தமாக.

ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். எங்கள் ஊர் லாரி டிரைவர் ஞானதிரவியம் உப்பு ஏற்றப் போய்வந்து டீக்கடையில் ஒரு சேதி சொன்னான். தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்துக் குடிசைகளில் ஒரு வீட்டில் ஒரு கலயம் இருக்கிறதாம், அதில் தினம் இரண்டு வேளை ஒரு பிடி அரிசி தானாக வந்து விழுகிறதாம், ஜனங்கள் குங்குமம் வைத்து வேப்பிலை கட்டிப் பிடியம்மன் என்று கும்பிடுகிறார்களாம். நம்ம சபை அரிசிக்குக் குங்குமமா என்று இரண்டு பேர் கொதித்தார்கள். மற்றவர்கள் ஓடிப்போய் எமிமாளிடம் சொன்னார்கள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் உலை வைத்து, பிடி போட்டு, பதினெட்டுச் சட்டையையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். தேவஇரக்கம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டார். சங்கத்தின் சார்பில் நான் போனேன். இரண்டு பஸ் மாறி இறங்கி, அப்புறம் ஒரு மணி நேரம் நடை. பாத்திக்குப் பாத்தி உப்பு வெளுத்துக் கிடந்தது, அந்த வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. எமிமாள் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். பிள்ளை யாரைப்போல இருக்கும், பெயர் என்ன வைத்திருப்பார்கள், அவள் பேசியதையெல்லாம் இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஓலைக் குடிசைகள் ஒரே வரிசையாக இருந்தன. கேட்டதும் காட்டினார்கள். உள்ளே ஒரு மண்மேடையில் குங்குமம் அப்பிய ஒரு கலயம், அதன் பக்கத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு மெலிந்த பெண், முப்பது வயசுக்குள்தான் இருக்கும், இடுப்பில் ஒரு கைக்குழந்தை, காலடியில் இரண்டு. மூலையில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான், உப்பு வெளிச்சத்தில் வேலை செய்து செய்து கண் போனவன். எமிமாள் நேராகப் போய்க் கலயத்துக்குள் பார்த்தாள். காலையில் அவள் போட்ட பிடி அதில் இருந்தது, கல் ஒன்றுகூட இல்லாத அரிசி. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எம்பிள்ள எங்க?" என்று கேட்டாள்.

பேச்சியம்மாளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கைக்குழந்தையை இறக்கி வைத்துவிட்டு எமிமாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பிரிசி அக்காவோட அம்மாவா? அடுத்த குடிசையிலதாம்மா இருந்தாவ. ஒல வைக்கயிலல்லாம் ஒரு பிடி எடுத்து இந்தக் கலயத்துல போடுவாவ. எதுக்குக்கான்னு கேட்டா, எங்க ஊர்ல அப்படித்தான்பாவ. இங்க அவுக கோயிலு கிடையாது, யார்ட்டக் குடுக்கன்னு தெரியாம, எம்பிள்ளையளுக்குக் கொண்டாந்து குடுப்பாவ. இவருக்குக் கண்ணு போன வருசம் அந்தப் பிடியிலதான் எங்க வீட்டுல கஞ்சி."

அப்புறம் மிச்சத்தையும் சொன்னாள். அவர்கள் ஊரில் ஓலைச் சிலுவை பிடித்துப் போகிற ஞாயிறு என்று சொல்லி, பிரிசில்லா காய்ச்சலோடு எழுந்து ஓலை முடைந்து இந்த வீட்டு வாசலிலும் ஒரு சிலுவை செருகினாளாம். ஏற்கெனவே மூன்று நாள் காய்ச்சல். மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனாள். அந்தப் போர்வெல் பையன் உப்பளத்து வரப்போரம் அவளை அடக்கம் பண்ணிவிட்டு, ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, எங்கேயோ லாரி ஏறிப் போய்விட்டான். அவள் இறந்த அன்றைக்கே கலயத்தைப் பேச்சியம்மாள் தன் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தாள். அன்றைக்கு மத்தியானமே அதில் ஒரு பிடி அரிசி கிடந்தது.

"அக்காதான் போடுதாவன்னு நெனச்சோம்" என்றாள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள். நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எமிமாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஒரு வருஷமாக எதைப் பார்த்து அவள் உயிரோடிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டோமோ, அது அவள் செத்த அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. அவள் பசியோடு இருந்த நாளெல்லாம் எமிமாளின் பிடி மரப்பெட்டிக்குப் போயிருக்கிறது. பதினெட்டுச் சட்டை வைத்த பை என் மடியில் கனத்தது.

பேச்சியம்மாள் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், வரப்போரம் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினாள். புல்லுகூட முளைக்காத வெள்ளை மண். தேவஇரக்கம் கோட்டைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு மண்டியிட்டார். கிளம்புகிற நேரத்தில் பேச்சியம்மாள் எமிமாளிடம் வந்து நின்றாள். கேட்கலாமா கூடாதா என்று தவித்தது அவள் முகத்தில் தெரிந்தது, இருந்தாலும் மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவள் கேட்காமல் என்ன செய்வாள்? "யம்மா, இனிமே விழாதோ?" என்றாள். எமிமாள் அவளைப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

ஊருக்கு வந்ததும் அவள் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். உலை வைத்தாள், அரிசி அளந்தாள், பிடி எடுக்கவில்லை. ஐயர் வந்து ஜெபம் பண்ணினார், அவள் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தாள். பிரிசில்லாவின் பெயரை அவர் அடக்க ரெஜிஸ்தரிலும் எழுதினார், இடம் என்கிற கட்டத்தில் உப்பளம் என்று போட்டார். அடுத்த வாரம் ஞானதிரவியம் உப்பு ஏற்றிவிட்டு வந்து, அங்கே கலயம் வெறுமனே கிடக்கிறது, அந்தப் பெண் என்ன தோஷம் பண்ணினாளோ என்று அக்கம்பக்கம் பேசுகிறது, பிள்ளைகள் தாயோடு பாத்தியில் உப்பு வாரப் போகின்றன என்று சொன்னான்.

இத்தனை வீடு இருக்கிற ஊர் ஒரு மூட்டை அரிசி அனுப்பக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கமிட்டியில் பேசத்தான் செய்தார்கள். அவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள், கலயத்துக்குக் குங்குமம் வைத்தவர்கள், அவர்களுக்குச் சபையின் பொருளை அனுப்புவது முறையா என்று மூன்று கூட்டம் நடந்தது, நாலாவது கூட்டத்துக்குத் தேதி வைத்திருந்தார்கள். நான் என் வீட்டிலிருந்து அனுப்பியிருக்கலாம். கமிட்டி என்ன சொல்கிறது என்று பார்ப்போமே என்று நானும் இருந்துவிட்டேன்.

கடைசியில் எமிமாளிடமே போனேன். "மைனி, அந்த உப்பளத்துப் பிள்ளையள்லாம் பட்டினி கெடக்கு" என்றேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எம்பிள்ள பட்டினி கெடந்தப்ப நானும் ஆண்டவருக்குன்னுதான் போட்டேன் நேசம். அவரு ஒரு பிடி எம்பிள்ளைக்குத் திருப்பி விட்டிருக்கலாம்லா? செத்த பொறவு ஊரான் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுக்காரு" என்றாள். குரலில் ஆத்திரம்கூட இல்லை.   வேதத்தை மூன்று தடவை முழுக்க வாசித்தவள் நான், அவள் கேட்டதற்குப் பதில் அதில் எங்கேயாவது இருக்கும் என்று இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போது தேவஇரக்கம் அடுப்பங்கரைக்குள் வந்தார். அந்த வீட்டில் அவர் அடுப்பங்கரைக்கு வந்து நான் பார்த்ததில்லை. வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் அவ பேர வெட்டுனேன். அவ பிடி போடுறத நிறுத்தலயே, எமிமா" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எமிமாள் சுளகைக் கீழே வைத்தாள்.  வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அப்புறம் எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த கலயத்தை நிமிர்த்தி, படியில் அரிசி அளந்து, அதிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். விரலை இறுக்கவில்லை. ஆண்டவருக்கு என்று அவள் சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லாமல் போட்டாள். அரிசி கிடந்தது. வழி அடைத்துப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், தேவஇரக்கமும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அது அடியிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கியது.

கடைசி மணி போனதும் எமிமாள் அழுதாள். பெயரை வெட்டியபோதும் அழாதவள், வரப்போரத்திலும் அழாதவள், வெறும் கலயத்தைக் கட்டிக்கொண்டு ஊர் கூடுகிற அளவுக்குச் சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன். அழுகை ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்தக் கைப்பிள்ள பேரு என்ன நேசம்?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று பேர் போயிருந்தோம், அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தோம், எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.